பணம் கட்டியவர் ஒருவர், ரசீது இன்னொருவர் பெயரில்: செஷனும் த்ரெட்டும் குழம்பும் இடம்

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிற லாட்ஜுக்கு அறை பதிவு செய்யும் இணையதளம் ஒன்றைச் செய்து கொடுத்திருந்தோம். எங்கள் ஆபீஸ் சத்துவாச்சாரியில். மூன்று பேர், இரண்டு ஃபேன், ஒரு யுபிஎஸ். அந்த லாட்ஜுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சி.எம்.சி. மருத்துவமனையில் வைத்தியம் பார்க்க வருகிறவர்களின் வீட்டார். கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருவார்கள். ரயில் காட்பாடியை நெருங்கும்போதே செல்போனில் அறை எடுத்து அட்வான்ஸும் கட்டிவிடுவார்கள்.

ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு லாட்ஜ்காரர் போன் செய்தார். "இன்னா தம்பி இது? பணம் கட்டினது ஒருத்தரு, ரசீதுல வேற யாரோ பேரு வருது!"

"திரும்ப ஒருவாட்டி பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கண்ணா" என்றேன். எடுத்தார்கள். சரியான பெயர் வந்தது. "இப்ப சரியா இருக்கு, விடு" என்று அவர் வைத்துவிட்டார். எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. எப்போது செய்தாலும் தப்பாக வருகிற பிழையை அரை நாளில் பிடித்துவிடலாம். ஒருமுறை முகத்தைக் காட்டிவிட்டு மறுமுறை நல்ல பிள்ளையாக நடந்துகொள்கிற பிழை என்றால் பெரும்பாலும் த்ரெட் விவகாரம்தான். (த்ரெட் என்பது சர்வருக்குள் ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்கிற ஆள் மாதிரி.)

அதைத் தேடப் போன இடத்தில் ஒன்றுக்கு இரண்டு பிழைகள் கிடைத்தன. இரண்டுக்கும் வேர் ஒன்று. ஒரு பயனர் என்றால் ஒரு த்ரெட் என்று யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஆனால் எங்கள் கோட் முழுக்க அந்த நினைப்பில்தான் எழுதப்பட்டிருந்தது. உண்மையில் ஒரே த்ரெட் நாள் முழுக்க நூறு பேருக்கு வேலை செய்கிறது. ஒரே பயனர், அதே நொடியில், மூன்று நான்கு த்ரெட்டுகளாக வந்து நிற்கிறார்.

ஞாபகம் இல்லாத சர்வர்

ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைக் கேலி செய்வது பழைய வழக்கம். (ஜலகண்டேஸ்வரர் 1981-இலேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். கேலி மட்டும் இன்னும் போகவில்லை.) அந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்க்கலாம்: பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான, ஞாபகம் இல்லாத எச்டிடிபி. பிரவுசர் ஒரு ரெக்வெஸ்ட் அனுப்புகிறது, சர்வர் பதில் தருகிறது, கதை முடிந்தது. அடுத்த ரெக்வெஸ்ட் அதே ஆளிடமிருந்து அரை நொடியில் வந்தாலும், சர்வரைப் பொறுத்தவரை முன்பின் தெரியாத ஆள்தான்.

வெறும் பக்கங்களைப் படிப்பதற்கு இது போதும். கடை நடத்தப் போதாது. 1994-இல் நெட்ஸ்கேப்பில் இருந்த லூ மாண்டுல்லி இதற்குக் கண்டுபிடித்த வழிதான் குக்கி. சர்வர் ஒரு சின்னச் சீட்டை எழுதிக் கொடுக்கும். பிரவுசர் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் காட்டும். நாளடைவில் அந்தச் சீட்டில் விவரத்தை எல்லாம் எழுதாமல் ஓர் எண்ணை மட்டும் எழுதினார்கள். விவரம் சர்வர் பக்கத்தில் ஓர் அலமாரியில் இருக்கும். எண்ணைக் காட்டினால் அந்தத் தட்டைத் திறந்து பார்க்கலாம். அந்தத் தட்டுதான் செஷன். ஜாவா இணையதளங்களை ஓட்டும் டாம்கேட் சர்வர் கொடுக்கும் செஷன் எண், எதையும் மாற்றாமல் விட்டால், 16 பைட் நீளம். எழுத்தில் 32 இலக்கம். ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குப் பெரிய சாவி.

லாட்ஜ் கவுண்டருக்குப் பின்னால் இருக்கும் சாவிப் பலகையும் இதேதான். 204 என்று பித்தளைத் தகட்டைக் காட்டினால், அந்த அறைக்கு எத்தனை நாள், எவ்வளவு அட்வான்ஸ், டிபன் கணக்கு எவ்வளவு என்று நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சொல்வார்கள். தகட்டில் ஒன்றும் எழுதியிருக்காது. எல்லாம் நோட்டில்தான்.

1900-ஆம் ஆண்டில், சி.எம்.சி.யை நிறுவிய ஐடா ஸ்கடர் வேலூரில் வைத்தியத்தைத் தொடங்கியபோது ஒரே ஒரு கட்டில்தான் இருந்தது. ஒரு கட்டில், ஒரு நோயாளி, ஒரு மருத்துவர் என்று இருக்கும்வரை எந்த நோட்டும் குழம்பாது. கட்டில்கள் கூடின பிறகுதான் யார் எதை எழுதுகிறார், எப்போது எழுதுகிறார் என்ற கேள்வியே வருகிறது. வெப் சர்வருக்கும் அதே கதை.

ரூம் பாயின் சட்டைப் பை

ஜாவாவில் எழுதிய இணையதளத்தில் ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டையும் கையாள ஒரு த்ரெட் வேண்டும். ரெக்வெஸ்ட் வரும்போதெல்லாம் புதிதாக ஒன்றை உருவாக்கி, முடிந்ததும் அழிப்பது செலவு. ஆகவே சர்வர் ஒரு கூட்டம் த்ரெட்டுகளைத் தயாராக வைத்திருக்கும். இதுதான் த்ரெட் பூல். டாம்கேட்டில் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் உச்ச எண்ணிக்கை 200. ரெக்வெஸ்ட் வந்ததும் சும்மா இருக்கும் ஒரு த்ரெட்டை அனுப்பும். வேலை முடிந்ததும் அது பூலுக்குத் திரும்பி, அடுத்த ஆளுக்குப் போகும்.

இதை ரூம் பாயோடு ஒப்பிட்டால் சட்டென்று விளங்கும். அவர் 204-க்கு வெந்நீர் கொண்டுபோவார், அடுத்த நிமிடம் 311-க்குப் போர்வை எடுத்துப்போவார். அவர் எந்த அறைக்கும் சொந்தமில்லை. 204-காரர் "மருந்துக் கடையில் வாங்கி வா" என்று கொடுத்த சீட்டு அவர் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டால், 311-காரர் கேட்கும்போது தப்பான சீட்டை எடுத்து நீட்டுவார். எங்கள் ரசீதுக்கு நடந்தது அச்சு அசல் இதுதான்.

ஜாவாவில் த்ரெட்லோக்கல் என்று ஒரு வசதி 1998-இல் வந்த 1.2 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனியாக ஒரு பை மாதிரி. அதில் போட்டதை அந்த த்ரெட் மட்டுமே பார்க்க முடியும். உள்ளே நுழையும்போது "இப்போது வந்திருப்பவர் இன்னார்" என்று அதில் போட்டுவிட்டால், பத்து ஃபங்ஷன் தாண்டி ஆழத்தில் இருக்கும் ரசீது கோடும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். எல்லா இடத்துக்கும் பெயரைக் கையால் கடத்த வேண்டியதில்லை. பெரிய ஃபிரேம்வொர்க்குகளும் உள்ளுக்குள் இதைத்தான் செய்கின்றன. ஸ்பிரிங்கில் இப்போதைய ரெக்வெஸ்ட் எது, லாகின் செய்தவர் யார் என்பதெல்லாம் வழக்கமாக த்ரெட்டோடுதான் கட்டப்பட்டிருக்கும்.

நாங்கள் பெயரைப் பையில் போட்டோம். எடுக்கவில்லை. சரியாகச் சொன்னால், எல்லாம் நல்லபடியாக முடிந்தால் எடுத்தோம். நடுவில் பிழை வந்தால் எடுக்கிற வரி ஓடவே இல்லை. அன்றைக்குக் காலையில் பேமென்ட் பக்கத்தில் ஒருவருக்கு டைம் அவுட் ஆகி எக்செப்ஷன் விழுந்திருக்கிறது. அவர் பெயர் அந்த த்ரெட்டின் பையிலேயே தங்கிவிட்டது. அடுத்து அந்த த்ரெட்டுக்கு வந்த ரெக்வெஸ்ட் பேமென்ட் நிறுவனம் நேரடியாக அனுப்புகிற உறுதிச் செய்தி. அதில் லாகின் இல்லை. பெயரைப் புதிதாகப் போடுகிற வரியும் அந்தப் பாதையில் இல்லை. ரசீது கோட் பையில் கையை விட்டது, பழைய பெயர் கிடைத்தது, அதை அச்சடித்தது. லாட்ஜ்காரர் திரும்ப எடுத்தபோது லாகின் செய்து எடுத்தார். வேறு பாதை, சரியான பெயர்.

லாக் ஃபைலில் இதைப் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. 10:21-க்கு 38-ஆம் எண் த்ரெட்டில் டைம் அவுட். 10:24-க்கு அதே 38-இல் ரசீது. நடுவில் மூன்று நிமிடம் அந்த த்ரெட் சும்மா இருந்திருக்கிறது, பையில் ஒரு பெயரோடு.

தீர்வு நான்கு வரி. பெயரைப் போடும் இடத்திலேயே ட்ரை, ஃபைனலி என்று சுற்றி, ஃபைனலிக்குள் ரிமூவ். வேலை நன்றாக முடிந்தாலும் பிழையில் முடிந்தாலும் பை காலியாகும். இதை ஒவ்வொரு இடத்திலும் எழுதாமல், எல்லா ரெக்வெஸ்ட்டும் கடந்து போகிற ஃபில்டரில் ஒரே தடவை எழுத வேண்டும். பத்து இடத்தில் எழுதினால் பதினோராவது இடம் தப்பிவிடும்.

இதே குடும்பத்தில் இன்னொரு பிழை உண்டு. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது செய்வது. ரெக்வெஸ்ட்டை வாங்கிப் பதில் தரும் சர்வ்லெட் கிளாஸிலோ கன்ட்ரோலர் கிளாஸிலோ "இப்போதைய பயனர்" என்று ஒரு ஃபீல்டு வைத்துவிடுவது. சர்வ்லெட் வழக்கமாக ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான். எல்லா த்ரெட்டுகளும் அதே ஆப்ஜெக்டைத்தான் பயன்படுத்துகின்றன. அந்த ஃபீல்டில் எழுதுவது கவுண்டர் மேல் இருக்கும் கரும்பலகையில் எழுதுவது மாதிரி. நீங்கள் எழுதித் திரும்புவதற்குள் பக்கத்து ஆள் அழித்து எழுதிவிடுவார். ஆளே இல்லாத நேரத்தில் சோதித்துப் பார்த்தால் அருமையாக ஓடும்.

இதற்கு மருந்தாக ஒருகாலத்தில் சிங்கிள்த்ரெட்மாடல் என்று ஒன்றை ஜாவாவில் வைத்திருந்தார்கள். ஒரு சர்வ்லெட்டில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் நுழையும் என்று அது உறுதி சொன்னது. கேட்பதற்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் செஷன் பொதுவாகவே இருந்ததால், அதில் இருப்பதைப் பல த்ரெட்டுகள் அப்போதும் ஒரே நேரத்தில் தொட முடிந்தது. சர்வ்லெட் 2.4 பதிப்பிலேயே இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஒரே ஆள், மூன்று கை

முதல் பிழையைச் சரிசெய்து, ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுத் திரும்பிய பிறகுதான் இரண்டாவது தெரியவந்தது. அதைப் பிடித்தது நாங்கள் இல்லை; லாட்ஜ்காரரின் கணக்கு நோட்டு. "எக்ஸ்ட்ரா பெட் போட்டுக் குடுத்திருக்கோம், 250 ரூபா வரவே இல்ல தம்பி" என்றார். மாதத்தில் நாலைந்து தடவை. எப்போதும் 250 என்றில்லை. சில சமயம் ஓர் அறை வாடகையே காணாமல் போயிருந்தது.

செஷன் என்பது ஒரு பயனருக்கே சொந்தமானது, ஆகவே அதைத் தொடுவது ஒருவர்தான், அதில் போட்டி வராது என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஒருவருக்குச் சொந்தம் என்பது உண்மை. ஒரு நேரத்தில் ஒரு கைதான் தொடும் என்பது பொய். ஒரே பிரவுசரில் இரண்டு டேப் திறந்தால் இரண்டுக்கும் ஒரே குக்கி, ஒரே செஷன். சிக்னல் மெதுவாக இருந்தால் பொறுமை போய் பொத்தானை இரண்டு தடவை அமுக்குவார்கள். யாரும் ஒன்றும் செய்யாவிட்டாலும், பக்கம் திறக்கும்போதே அது பின்னணியில் ஐந்தாறு ரெக்வெஸ்ட்டை ஒன்றாக அனுப்பும். பழைய எச்டிடிபி 1.1-இலேயே குரோம் ஒரு தளத்துக்கு ஆறு இணைப்புகள்வரை ஒரே சமயத்தில் திறக்கும். எச்டிடிபி 2 வந்த பிறகு ஒரே இணைப்பில் பல ரெக்வெஸ்ட்டுகள் கலந்து ஓடுகின்றன.

காணாமல் போன 250-ஐ நிறுத்தி நிதானமாகப் பார்ப்போம். செஷனில் மொத்தத் தொகை என்று ஓர் எண் இருக்கிறது. ஓர் அறை எடுத்தாகிவிட்டது, மொத்தம் 800. நோயாளியோடு வந்திருக்கும் அட்டெண்டர் ஒரு டேப்பில் எக்ஸ்ட்ரா பெட் சேர்க்கிறார், 250. இன்னொரு டேப்பில் கூட வந்திருக்கும் மாமாவுக்கு ஒரு சிங்கிள் ரூம் சேர்க்கிறார், 600. இரண்டு ரெக்வெஸ்ட்டுகள், இரண்டு த்ரெட்டுகள். முதல் த்ரெட் செஷனைப் பார்க்கிறது: 800. அது கூட்டுவதற்குள் இரண்டாவது த்ரெட்டும் பார்க்கிறது: அதற்கும் 800. முதலாவது 250-ஐக் கூட்டி 1,050 என்று எழுதுகிறது. இரண்டாவது தன் கையில் இருக்கும் பழைய 800-உடன் 600-ஐக் கூட்டி 1,400 என்று அதன்மேல் எழுதுகிறது. வரவேண்டியது 1,650. எந்த எக்செப்ஷனும் இல்லை, லாக்கில் ஒரு சிவப்பு வரி இல்லை. இரண்டு த்ரெட்டுகளும் தத்தம் வேலையைச் சரியாகத்தான் செய்தன.

"சர்வ்லெட் செஷன் த்ரெட்டுக்குப் பாதுகாப்பானது என்று படித்தேனே" என்று எங்கள் ஆபீஸ் தம்பி கேட்டான். படித்தது பாதி சரி. செஷனுக்குள் பெயரும் மதிப்புமாக வைத்திருக்கும் அந்த அட்டவணை சிதையாமல் பார்த்துக்கொள்வது சர்வரின் பொறுப்பு என்று சர்வ்லெட் விதிமுறை சொல்கிறது. அதற்குள் நாம் போட்டு வைக்கும் பொருள்களுக்கு நாம்தான் பொறுப்பு என்றும் அதே இடத்தில் சொல்கிறது. எடுப்பது பத்திரம், வைப்பது பத்திரம். எடுத்துப் பார்த்து, மாற்றி, திரும்ப வைப்பதற்கு நடுவில் இருக்கும் இடைவெளிக்கு யாரும் காவல் இல்லை.

செஷனில் எண்ணுக்குப் பதில் சாதாரண ஹேஷ்மேப் (பெயரும் மதிப்புமாக வைக்கும் ஜாவா அட்டவணை) ஒன்றை வைத்திருந்தால் இன்னும் மோசம். ஜாவா 8-க்கு முந்தைய ஹேஷ்மேப்பில் இரண்டு த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் எழுத, அந்த நேரம் பார்த்து அது தன்னைப் பெரிதாக்கிக்கொள்ள, உள்ளே இருக்கும் சங்கிலி வட்டமாகிவிடலாம். பிறகு அதைத் தேடப் போகும் த்ரெட் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். சிபியு ஒரு கோர் முழுக்க அதற்கே போய்விடும். ஜாவா 5-இல் வந்த கன்கரன்ட்ஹேஷ்மேப் இருக்கும்போது இந்தச் சங்கடம் தேவையே இல்லை.

பூட்டு எங்கே போடுவது

ஒவ்வொரு ஊரும், அதாவது ஒவ்வொரு புரோகிராமிங் மொழியும் ஃபிரேம்வொர்க்கும், இதற்கு ஒரு பழக்கம் வைத்திருக்கிறது. பிஎச்பி-யில் செஷன் ஃபைலாகச் சேமிக்கப்படும்போது, அதைத் திறந்ததுமே பூட்டிவிடுகிறது. அந்த ஸ்கிரிப்ட் முடியும்வரை அதே ஆளின் அடுத்த ரெக்வெஸ்ட் வாசலில் நிற்கும். அங்கே வழக்கமாகத் த்ரெட் இல்லை, பல பிராசஸ்கள்தான். ஆனால் பிரச்சினையும் பூட்டும் ஒன்றுதான். பழைய ஏஎஸ்பி டாட் நெட்டும் செஷனை எழுதக்கூடிய பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விடும். காத்திருக்கும் ரெக்வெஸ்ட் அரை நொடிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து "ஆயிற்றா?" என்று கேட்கும். பின்னால் வந்த ஏஎஸ்பி டாட் நெட் கோர் இந்தப் பூட்டை எடுத்துவிட்டது: கடைசியாக எழுதியவர் எழுதியதே நிற்கும். ஜாங்கோவிலும் செஷன் முழுவதையும் ஒரு கட்டாகத்தான் சேமிக்கிறார்கள். அங்கே இரண்டு ரெக்வெஸ்ட்டுகள் இரண்டு வேறு விஷயங்களை மாற்றினாலும் ஒன்று மற்றதை விழுங்கிவிடலாம்.

தானாகப் பூட்டுவது நல்லதுதானே என்று தோன்றும். மாதக் கணக்கை எக்செலாக இறக்கச் சொல்லிவிட்டு அடுத்த டேப்பில் அறை நிலவரம் பார்க்க முயன்று, இரண்டு நிமிடம் வெள்ளைத் திரையைப் பார்த்தவரைக் கேட்டுப் பாருங்கள். சர்வரில் கூட்டமே இருக்காது. அவருடைய முதல் ரெக்வெஸ்ட்டே அவரது இரண்டாவது ரெக்வெஸ்ட்டின் வழியை மறித்துக்கொண்டு நிற்கும். பிஎச்பி-யில் இதற்கு, வேண்டியதைப் படித்ததும் செஷனை மூடிவிட வேண்டும். பிஎச்பி 7-இலிருந்து படித்ததும் தானே மூடிக்கொள்ளும்படி திறக்கவும் முடியும். ஏஎஸ்பி டாட் நெட்டில் அந்தப் பக்கம் செஷனைப் படிக்க மட்டுமே செய்யும் என்று முன்கூட்டிச் சொல்லலாம்.

டாம்கேட் இப்படி எதையும் பூட்டாது. நாமே போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே அவசரத்தில் செய்கிற தவறு, மொத்த ஃபங்ஷனையும் சிங்க்ரனைஸ்டு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் நுழையலாம், என்று அறிவித்துவிடுவது. லாட்ஜில் நாற்பது அறைக்கும் சேர்த்து ஒரே குளியலறை வைத்த மாதிரி. பூட்டு சரியாகத்தான் வேலை செய்யும், வரிசை மட்டும் தெருவரைக்கும் நிற்கும். ஒரு செஷனுக்கு ஒரு பூட்டு என்று இருக்க வேண்டும். செஷன் ஆப்ஜெக்டின் மேலேயே பூட்டலாம் என்றால், ஒவ்வொரு தடவையும் அதே ஆப்ஜெக்டைத்தான் சர்வர் தரும் என்று விதிமுறையில் உத்தரவாதம் இல்லை. செஷன் பிறக்கும்போதே ஒரு லிசனர் (அந்த நேரத்தில் தானாக ஓடும் கோட்) மூலம் தனியாக ஒரு பூட்டு ஆப்ஜெக்டை உள்ளே வைத்துவிடுவது பத்திரம். ஸ்பிரிங்கில் இதற்கென்றே ஒன்று இருக்கிறது.

பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேமென்ட் நிறுவனத்தைக் கூப்பிடக் கூடாது. நாங்கள் முதலில் அதையும் செய்தோம். அவர்கள் பதில் சொல்ல எட்டு நொடி ஆனால், எட்டு நொடியும் அந்த ஆளின் மற்ற எல்லா ரெக்வெஸ்ட்டும் தொங்கும். ஒவ்வொன்றும் பூலிலிருந்து ஒரு த்ரெட்டைப் பிடித்துவைத்துக்கொண்டு தொங்கும். பொறுமையில்லாத பத்துப் பேர் ரெஃப்ரெஷ் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் 200 த்ரெட் கரைவதற்கு அதிக நேரம் ஆகாது. பூட்டு, கூட்டி எழுதுகிற அந்த இரண்டு வரிக்கு மட்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். செஷன் பூட்டு ஒரு பயனரை அவருடைய சொந்த மூன்று கைகளிலிருந்துதான் காப்பாற்றும். இரண்டு வெவ்வேறு பயனர்கள் ஒரே 204-ஐ எடுப்பதை அது தடுக்காது. அவர்கள் பூட்டு வேறு, இவர்கள் பூட்டு வேறு. அந்த வேலை டேட்டாபேஸுக்கு உரியது. அறை எண்ணும் தேதியும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று டேபிளிலேயே ஒரு கட்டுப்பாடு வைத்தால், இரண்டாவது ஆளின் பதிவு விழாது. இதை எத்தனை அழகான ஜாவா பூட்டாலும் ஈடுகட்ட முடியாது.

அலமாரி இரண்டானால்

ஒரு சர்வர் போதாமல் இரண்டாவது வைத்தோம். உடனே சிலர் பக்கத்துக்குப் பக்கம் லாகின் கேட்கிறது என்று புகார் செய்தார்கள். செஷன் முதல் சர்வரின் நினைவகத்தில், ரெக்வெஸ்ட் இரண்டாவது சர்வரில். ஒரே ஆளை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும்படி ரெக்வெஸ்ட்டுகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சரிடம் சொல்வது ஒரு வழி. அந்த சர்வர் நின்றால் அந்த ஆளின் செஷனும் போச்சு. இன்னொரு வழி, செஷனை, எல்லா சர்வரும் எட்டக்கூடிய ரெடிஸ் என்ற தரவுக் கிடங்கு மாதிரி ஒரு பொது இடத்தில் வைப்பது.

ரெடிஸுக்குப் போனதும் ஜாவா பூட்டுக்கு மதிப்பில்லாமல் போகிறது. அது ஒரு ஜேவிஎம்-முக்குள் (ஜாவா நிரலை ஓட்டும் ஒரு பிராசஸுக்குள்) மட்டும் செல்லுபடியாகும் நாணயம். ரெடிஸில் கட்டளைகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும். ஆகவே "இருப்பதைப் படி, கூட்டு, எழுது" என்று மூன்று படியாகச் செய்யாமல் "இந்த எண்ணோடு 250-ஐக் கூட்டு" என்று ஒரே கட்டளையாகச் சொன்னால் தொகை தொலையாது. ஸ்பிரிங் செஷன் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு பொறி: செஷனிலிருந்து எடுத்த பொருளை மாற்றிவிட்டுத் திரும்ப வைக்காமல் விட்டால், இயல்பான அமைப்பில் அந்த மாற்றம் ரெடிஸுக்குப் போகாது. நினைவகத்தில் இருந்தவரை தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த கோட் அன்றைக்குத்தான் நிற்கும். எங்களுடையது நின்றது.

அலமாரியே வேண்டாம், எல்லாவற்றையும் கையெழுத்திட்ட டோக்கனில் எழுதிப் பயனரிடமே கொடுத்துவிடலாம் என்பவர்கள் ஜேடபிள்யூடி பக்கம் போவார்கள். பகிரும் நிலை இல்லையென்றால் த்ரெட் சண்டையும் இல்லை, சரி. ஆனால் லாகவுட் செய்தவரின் டோக்கன் காலாவதியாகும்வரை செல்லும். அதை உடனே செல்லாததாக்க ஒரு பட்டியல் வைத்தால், அலமாரி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

கடைசியில் நாங்கள் செய்தது செஷனைக் காலி செய்வதுதான். அதில் இப்போது யார் என்பதும் மொழியும் மட்டும் இருக்கின்றன. மொத்தத் தொகையைச் சேமித்து வைப்பதே இல்லை; தேர்ந்தெடுத்த அறையும் பெட்டும் டேட்டாபேஸில் தனித்தனி வரியாகப் போகின்றன, கேட்கும்போது கூட்டிக்கொள்கிறோம். இரண்டு த்ரெட்டுகள் இரண்டு வரி சேர்த்தால் இரண்டும் இருக்கும். பொத்தானை இரண்டு தடவை அமுக்குகிறவர்களுக்காக ஒவ்வொரு ஃபாரத்துக்கும் ஓர் எண். அதே எண் மறுபடி வந்தால் அந்த வரி விழாது. பூட்டு வைப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டுவதைவிடப் பூட்ட வேண்டிய பொருளைக் குறைப்பதுதான் என் கட்சி. பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருந்தும் பூட்டு போட்ட கோடை நான் முழுதாக நம்புவதில்லை, நான் எழுதியதாக இருந்தாலும்.

சாவி மாற்றுவதும் காலி செய்வதும்

லாகின் ஆனதும் செஷன் எண்ணை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், யாராவது தனக்குத் தெரிந்த ஓர் எண்ணை முன்கூட்டியே உங்கள் பிரவுசரில் திணித்துவிட்டு, நீங்கள் லாகின் செய்ததும் அதே எண்ணோடு உள்ளே வரலாம். சர்வ்லெட் 3.1-இலிருந்து இதற்கு ஒரு வரி போதும். குக்கியை ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாதபடியும், எச்டிடிபிஎஸ்-இல் மட்டும் போகும்படியும் வைப்பதையும் அப்போதே செய்துவிடுங்கள்.

காலாவதி நேரம் டாம்கேட்டில் 30 நிமிடம், பழைய ஏஎஸ்பி டாட் நெட்டில் 20, பிஎச்பி-யில் 1,440 விநாடி, அதாவது 24 நிமிடம். ஓ.பி. வரிசையில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கும் அட்டெண்டருக்கு இது எதுவுமே போதாது. அறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பெயர் கூப்பிட்டதும் உள்ளே போவார், ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால் எல்லாம் போயிருக்கும். தேர்வை டேட்டாபேஸுக்கு மாற்றியதில் இந்தக் குறையும் தீர்ந்தது. எதிர்ப்பக்கம் இன்னொரு வேடிக்கை: எங்கள் பக்கம் 30 விநாடிக்கு ஒருமுறை காலி அறைகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கேள்வியும் செஷனின் ஆயுளை நீட்டியது. கவுண்டர் கம்ப்யூட்டரில் ராத்திரி மூடாமல் விட்ட டேப் ஒன்று வாரக்கணக்கில் லாகினிலேயே இருந்திருக்கிறது.

லாகவுட்டிலும் த்ரெட் உண்டு. ஒரு டேப்பில் லாகவுட் அமுக்கும்போது இன்னொரு டேப்பின் ரெக்வெஸ்ட் நடுவழியில் இருந்தால், அதன் காலடியிலிருந்து செஷன் உருவப்பட்டுவிடும். அடுத்து செஷனைத் தொட்டதும் இல்லீகல்ஸ்டேட்எக்செப்ஷன். அதைப் பிடித்து லாகின் பக்கத்துக்கு அனுப்பினால் போதும், பயனர் முகத்தில் 500 என்ற பிழைப் பக்கத்தைக் காட்ட வேண்டாம்.

ஜாவா 21-இல் வந்திருக்கும் விர்ச்சுவல் த்ரெட்டுகள் முதல் பிழையைக் கொஞ்சம் ஆற்றும். ரெக்வெஸ்ட்டுக்கு ஒன்று என்று புதிதாகப் பிறந்து முடிந்ததும் போய்விடுவதால் பையில் பழைய சீட்டு தங்காது. இரண்டாவது பிழையை அவை தொடுவதே இல்லை. சொல்லப்போனால் 200 என்ற வரம்பு போய் ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் ஓடும்போது, ஒரே செஷனில் மோதிக்கொள்ள வாய்ப்பு கூடத்தான் செய்யும்.

இரண்டு பிழையையும் எங்கள் லேப்டாப்பில் வேண்டுமென்றே வரவழைத்துப் பார்த்தோம். முதலாவதற்கு டாம்கேட்டின் த்ரெட் எண்ணிக்கையை இரண்டாக்கினோம். 200 பேரில் பழைய சீட்டு வைத்திருப்பவரைத் தேடுவது கடினம். இரண்டு பேர்தான் என்றால் அதிக நேரம் தப்ப முடியாது. ஒரு பேமென்ட்டைப் பாதியில் உடைத்துவிட்டு உறுதிச் செய்தியை அனுப்பினோம். மூன்றாவது தடவையே தப்பான பெயர் வந்தது. இரண்டாவதற்கு, படிக்கிற வரிக்கும் எழுதுகிற வரிக்கும் நடுவில் இரண்டு நொடி தூங்கும்படி ஒரு வரியைச் செருகி, இரண்டு டேப்பிலும் அடுத்தடுத்து அமுக்கினோம். 1,400 வந்தது. லாட்ஜ்காரர் அன்று பில் கொடுக்க ஆபீஸுக்கு வந்திருந்தார். திரையைப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டு நொடிய எங்க கடையில யாரு தம்பி வெச்சது?" என்று கேட்டார்.